ஆடிட்டர் பரீட்சைக்கு ஆறு மாதம்

நம் ஊர்களில் ‘ஆடிட்டருக்குப் படிக்கிறான்’ என்று சொல்லும்போதே குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. மரியாதையால் பாதி, கவலையால் பாதி. வக்கீல் படிப்புக்கும் வைத்தியப் படிப்புக்கும் இத்தனை வருஷம் என்று ஒரு கணக்கு உண்டு. இந்தப் படிப்பு எப்போது முடியும் என்று கேட்டால் பெற்றோர் வானத்தைப் பார்க்கிறார்கள். பரீட்சை கடினம் என்பது வாஸ்தவந்தான். ஆனால் கால் நூற்றாண்டுக்கு அருகில் பள்ளிக்கூடத்தில் மணி அடித்து மணி அடித்துப் பழகிய நமக்கு, தேறாமற் போகிறவர்களில் பலர் பாடத்தில் தோற்பதில்லை, நாட்கணக்கில் தோற்கிறார்கள் என்றே தோன்றுகிறது. ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை செய்யப் போகிறவர்கள் தங்கள் நாளைத் தணிக்கை செய்யாமல் விடுவது விநோதம் அல்லவா?

கும்பகோணத்துக் கிரகஸ்தர் ஒருவர் இதைப்பற்றி நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் இரண்டு வருஷ ஆர்ட்டிகிள் பயிற்சியை ஜூன் மாதக் கடைசியில் முடித்துவிட்டான். 2023-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின்படி, பயிற்சி முடிந்தபின் ஆறு மாதம் படிப்புக்கென்று ஒதுக்கி, அதற்கப்புறமே கடைசிப் பரீட்சைக்கு உட்காரலாம். ஆகையால் ஜனவரிப் பரீட்சை. “பையன் வீட்டிலேயே இருக்கிறான். பயிற்சிக் காலத்தில் வந்துகொண்டிருந்த சொற்பப் பணமும் நின்றுவிட்டது. நான் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறேன். பெண்ணின் கல்யாணத்தைக் கார்த்திகையில் நடத்துவதாகப் பேச்சு. உள்ளூர் ஆடிட்டர் ஒருவர் பாதி நாள் வேலை தருகிறேன் என்கிறார். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஆகாதா? முழு நாளும் புத்தகத்தின்முன் உட்கார்ந்திருப்பவன் முழு நாளும் படிக்கிறான் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். அத்தாட்சி ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணி நேரம் மேஜையை விட்டு எழுந்திராத பையன் ஐந்து மணி நேரங்கூடப் படித்திராமல் இருக்கலாம். பென்சிலால் கோடு போடுவதும், பல வர்ணங்களில் அட்டவணை எழுதுவதும், பக்கத்தில் கிடக்கும் கைப்பேசியை ‘மணி பார்க்க’ எடுப்பதும் படிப்பில் சேரா. ஆகவே படித்த மணியை அளக்க வேண்டும். ஒரு சிறு நோட்டில், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், முடித்த பாடம், போட்ட கணக்குகளின் எண்ணிக்கை என்று நான்கே பத்தி. தகப்பனார் அதைச் சோதிக்க வேண்டியதில்லை. சோதித்தால் பொய்க்கணக்குத்தான் எழுதப்படும். பையன் தனக்காகவே எழுதிவரட்டும்.

இனி நாட்களை எண்ணுவோம். ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை 184 நாள். கடைசி 45 நாளைப் புதுப் பாடத்துக்குத் தொடலாகாது. அவை திருப்பிப் படிப்பதற்கென்றே உள்ளவை. மீதி 139. இதில் ஞாயிற்றுக்கிழமைகள் 20-ஐக் கழித்துவிடுங்கள். அவற்றுக்கு வேறு உபயோகம் பின்னால் சொல்கிறோம். ஆடிப்பெருக்கு, பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி என்று 7 நாள். ஜுரம், உறவினர் வருகை, மின்சாரத் தடை, ஒன்றும் ஓடாத மனச்சோர்வு இவற்றுக்கு 7 நாள். இந்த ஏழைக் கழிக்க மறந்தவர்களின் அட்டவணைதான் மூன்றாவது வாரத்தில் கிழிபடுகிறது. நின்றது 105 நாள். நாளொன்றுக்கு உண்மையான படிப்பு 8 மணி என்று வைத்தால் 840 மணி. ஆறு மாதம் என்று கேட்கும்போது கடலளவாகத் தோன்றுவது, எண்ணிப் பார்த்தால் இவ்வளவே.

வேண்டியது எத்தனை மணி? இதை எந்த ஆசிரியரும் ஊகித்துச் சொல்ல முடியாது. பையனே அளந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் நடுத்தரமான ஓர் அத்தியாயத்தை எடுத்து, வாசித்து, அதிலுள்ள கணக்குகளைப் பேனா பிடித்துப் போட்டு, சுருக்கக் குறிப்பும் எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்க்கட்டும். அதைப் பக்கங்களால் பெருக்கினால் ஏறக்குறையத் தெரிந்துவிடும். கும்பகோணத்துப் பையன் தகப்பனார் சொன்னபடி அளந்து அனுப்பிய விவரத்தை நாம் சற்றுத் திருத்திக்கொண்டோம். முதற் பிரிவில், நிதியறிக்கைத் தாளுக்கு 180 மணி, உயர்நிலை நிதி நிர்வாகத்துக்கு 130, தணிக்கைக்கு 120. இரண்டாம் பிரிவில், நேர்முக வரிக்கு 160. மறைமுக வரிக்கு 120. ஒருங்கிணைந்த தொழில் தீர்வுகள் என்ற கடைசித் தாளுக்கு 70. ஆக 780. கையிலுள்ள 840-ல் இதைக் கழித்தால் 60 மணி மிச்சம். முழு நாளும் படிக்கிறவனுக்கே மிச்சம் இவ்வளவுதான் என்பதைத் தகப்பனார் கவனிக்க வேண்டும்.

பாதி நாள் வேலைக்குப் போனால் என்ன ஆகும்? வேலை நாலு மணி என்றாலும், குளித்துக் கிளம்பிப் போய், திரும்பிவந்து களைப்பாறும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு மணிக்குக் குறையாது. விடியற்காலையில் மூன்று மணியும் இரவில் ஒரு மணியுமாக நாலு மணி படிப்பு நடக்கும். 105 நாளைக்கு 420 மணி. இதற்குள் ஆறு தாள்களை அடக்கப் பார்ப்பது, எட்டு முழ வேஷ்டியை இரண்டாகக் கிழித்து இருவர் கட்டிக்கொள்வது போலத்தான். ஆனால் முதற் பிரிவின் மூன்று தாள்களுக்கு வேண்டியது 430 மணி. பத்து மணிக் குறையை ஞாயிறு காலையில் சரிக்கட்டிவிடலாம். ஆகவே, பணம் கட்டாயம் தேவை என்றால் பையன் வேலைக்குப் போகட்டும். ஜனவரியில் முதற் பிரிவை மட்டும் எழுதட்டும். இரண்டாவதை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். 2025 முதல் கடைசிப் பரீட்சையும் ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருஷத்தில் மூன்று தடவை நடப்பதால் முன்போல அரை வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. முதற் பிரிவைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் பிரிவின் கடைசித் தாள் மற்ற எல்லாப் பாடங்களையும் கலந்து கேட்பது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் எழுதுவது. மற்றவை தெரியாதவனுக்குத் திறந்த புத்தகமும் மூடிய புத்தகமும் ஒன்றுதான்.

வேலைக்கும் போய் இரண்டு பிரிவையும் எழுதுவது என்ற மூன்றாவது வழியை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். அதைப் பெரும்பாலான வீடுகள் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அப்பாவும் பிள்ளையும் மனம் விட்டுப் பேசிக்கொள்ளாமையே. அப்பா பணக் கஷ்டத்தைச் சொல்வதில்லை. பிள்ளை நேரக் கஷ்டத்தைச் சொல்வதில்லை. இருவரும் கௌரவமாக மௌனம் சாதித்து, முடிவு வரும் நாளில் வாய் திறக்கிறார்கள்.

இரண்டு பிரிவையும் சேர்த்து எழுதுவதில் ஓர் அநுகூலம் இருப்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு 40 வாங்க வேண்டும். பிரிவு மொத்தத்தில் பாதியும் வாங்க வேண்டும். இந்த இரட்டை நிபந்தனையைப் பலர் சரியாக மனத்தில் வாங்குவதில்லை. மூன்று தாளிலும் 45, 46, 48 என்று வாங்கியவன் எல்லாவற்றிலும் நாற்பதைத் தாண்டியும், மொத்தம் 139 ஆகையால் தவறினான். 72, 41, 39 என்று வாங்கியவனுக்கு மொத்தம் 152, பாதிக்கு மேலே, ஆனாலும் அந்த 39-ஆல் தவறினான். இரண்டு பிரிவையும் ஒரே தடவை எழுதினால், ஒவ்வொரு தாளிலும் நாற்பது இருந்து, ஆறும் சேர்ந்து 300 ஆனால் போதும். ஒரு பிரிவின் மிச்சம் மற்றதன் குறையை ஈடுசெய்யும். நேரத்தைப் பங்கிடுவதற்கு இந்த விதியே வழிகாட்டி. பிடித்த பாடத்தில் எண்பது வாங்க மணிகளை வாரி இறைத்துப் பிடிக்காததைக் கைவிட்டால் அந்த ஒரு 39 வந்து நிற்கும். எல்லாவற்றிலும் ‘தேறினால் போதும்’ என்று சமமாகப் படித்தால் மொத்தம் கவிழ்க்கும். பயமுள்ள பாடத்தை ஐம்பதுக்கும், கைவந்த இரண்டை அறுபதுக்கு மேலும் கொண்டுபோகப் பார்ப்பது உசிதம். மேலும், தவறினாலும் 60 வாங்கிய தாளுக்கு விலக்கு உண்டு; அடுத்த தடவை அதை எழுத வேண்டாம்.

கல்யாணத்துக்கு வருகிறோம். தமையன் இல்லாமல் தங்கை கல்யாணம் நடக்குமா? பந்தல்காரர், சமையற்காரர், சத்திரம், ரயிலடிக்குப் போய் அழைத்துவருவது எல்லாம் அவன் தலையில்தான் விழும். பத்து நாள் போகும். பத்து நாள் என்றால் 80 மணி. கையில் இருந்த மிச்சமோ 60. அதுவும் கார்த்திகை மாதம் என்பது நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் நடுவரை. திருப்பிப் படிக்கும் 45 நாளின் நெஞ்சிலேயே விழுகிறது. ஆவணியில் முடித்துவிட்டால், போன நாட்களைப் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்ளலாம். பரீட்சை முடிந்தபின் தையில் ஒரு முகூர்த்தம் கிடைத்தால் எல்லாவற்றிலும் மேல். சம்பந்தி வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்பதில் அகௌரவம் ஒன்றுமில்லை. பெண்ணின் தமையன் ஆடிட்டராகப் போகிறான் என்பது அவர்களுக்கும் இனிக்கும் செய்திதானே.

அந்த 45 நாளைப்பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறோம், ஏனெனில் திட்டம் போடுகிறவர்கள் ஜூலையிலிருந்து முன்னோக்கிப் போடுகிறார்கள். பரீட்சை நாளிலிருந்து பின்னோக்கி அல்லவா போட வேண்டும்? ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு நாள்தான் கிடைக்கிறது. அதனோடு முதல் நாள் இரவும் அன்று முற்பகலும் சேர்த்தால் ஒன்றரை நாள். ஆகவே ஒவ்வொரு பாடமும் ஒன்றரை நாளில் புரட்டி முடிக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டும். இந்த ஒரு நினைப்பு இருந்தால் ஜூலையில் எழுதும் குறிப்பே வேறு விதமாக இருக்கும். புத்தகத்தை அப்படியே பிரதி எடுத்து, நானூறு பக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு கடைசி இரவில் விழிக்கும் பிள்ளைகளை எண்ணினால் பரிதாபமாக இருக்கிறது.

நவம்பர் 17 முதல் தாளுக்கு நாலு நாளாக 24 நாள் முதற் சுற்று. பிறகு ஆறு நாள், நாளொரு மாதிரிப் பரீட்சை. எழுதுவது பிற்பகல், திருத்துவது மாலை. பிறகு, நிஜப் பரீட்சையைப் போலவே தாளுக்கு ஒன்றரை நாள் வீதம் 9 நாள் இரண்டாம் சுற்று. இதற்கெல்லாம் 39 நாள். மீதி ஆறு நாளை வெறுமையாக விட்டுவைக்க வேண்டும். அது தானே நிரம்பிவிடும். மாதிரித் தாள்களும் மறுபார்வைத் தாள்களும் பழைய கேள்விகளுக்கான விடைகளும் பட்டயக் கணக்காளர் கழகத்தாரே இலவசமாக இணையத்தில் வெளியிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கும் ‘நிச்சயக் கேள்விகள்’ எவையும் இவற்றுக்கு ஈடாகா.

பரீட்சை நடப்பது பிற்பகல் 2 மணிக்கு. இதைச் சாதாரண விஷயமாக எண்ணலாகாது. நம் வீட்டுப் பிள்ளைகள் நடுநிசி வரை படித்து, எட்டு மணிக்கு எழுந்து, பன்னிரண்டரைக்குச் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தடவை சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிறவர்கள். சரீரம் தூங்கிப் பழகிய அதே வேளையில், தடித்த கணக்கு ஒன்றை முன்னால் வைத்தால் மூளை எப்படி ஓடும்? ஆகையால் காலை ஐந்தரை முதல் எட்டரை வரை கணக்குப் பாடம். பத்து முதல் பன்னிரண்டு வரை சட்டம் அல்லது தணிக்கை. இலேசான உணவுக்குப்பின் இரண்டு முதல் ஐந்து வரை எழுதும் வேலை. ஆக எட்டு மணி. இரவு பத்துக்கு விளக்கை அணைத்துவிட வேண்டியது. முன்னே கழித்துவைத்த ஞாயிற்றுக்கிழமைகளின் உபயோகமும் இதுவே: காலையில் ஓய்வு, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை கடிகாரத்தை வைத்து அந்த வாரத்துப் பாடத்தில் ஒரு பரீட்சை. பாதி நாள் வேலைக்குப் போகிறவனுக்கு இந்த ஞாயிறு இன்னும் அவசியம். எழுபது மார்க்குக்கு விரிவான விடையும் முப்பதுக்குத் தேர்ந்தெடுக்கும் விடையும் மூன்று மணிக்குள் எழுத வேண்டும்; படித்ததெல்லாம் தெரிந்தும் கை ஓடாததால் ஒரு கேள்வியை விட்டுவந்தவர்கள் எத்தனையோ பேர்.

வகுப்புப் பதிவுகளைப்பற்றி ஒரு வார்த்தை. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் நூறு, நூற்றைம்பது மணி நேரப் பதிவுகள் விற்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் மெள்ள மெள்ளக் கேட்டிருந்தால் நல்லதே. இந்த ஆறு மாதத்தில் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தால் 840 மணியும் கேட்பதிலேயே கரைந்துவிடும். வேகத்தை இரட்டித்துக் கேட்கிறேன் என்கிறார்கள். நம் வகுப்பில் நாம் இருமடங்கு வேகத்தில் பேசினால் என்ன விளங்கும் என்று நமக்குத் தெரியும். புரியாத இரண்டொரு அத்தியாயத்துக்கு மட்டும் ஆசிரியர் துணையை நாடுவது போதுமானது.

கடிதம் எழுதும் பெற்றோரில் பெரும்பாலோர் மகனைப்பற்றியே எழுதுகிறார்கள். பெண் படிக்கும் வீடுகளில் நேரம் இன்னும் விசித்திரமாகப் போகிறது. அவள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் ‘சும்மா இருக்கிறாள்’ என்று பொருள். விருந்தாளிக்குக் காப்பி, பாட்டிக்கு மருந்து, வாசலில் தயிர்க்காரி என்று பத்துப் பத்து நிமிஷமாக அழைக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் எழுந்து போய்வந்த பெண், விட்ட கணக்கைப் பிடிக்க இருபது நிமிஷம் ஆகும். இரண்டு முதல் ஐந்து வரையிலாவது அவள் அறைக் கதவை யாரும் தட்டக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் வேண்டும். காப்பியைத் தம்பி போடட்டும். இந்தத் துறையில் நம் நாட்டின் முதல் பெண்மணி சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் என்பதை எத்தனை வீடுகள் அறியும்? சுதேசி இயக்கத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஒரு வருஷம் இருந்தவர். அதற்குப் பின்னரே கணக்கியல் படித்து 1933-ல் அந்நாளைய அரசாங்க டிப்ளமாப் பரீட்சையில் தேறினார். சிறை சென்றவர் கணக்கராகப் பதிவு செய்துகொள்ள முடியாதென்று அன்றைய ஆட்சி போட்டிருந்த தடையை எதிர்த்து வழக்காடி வென்று, 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பட்டயக் கணக்காளர் சட்டம் வந்ததும் கழகம் பிறந்ததும் 1949-ல்தான். அந்தக் கழகத்தின் தென்னிந்தியக் குழுவுக்கு 1955 முதல் 1958 வரை அவரே தலைவர்.

கடைசியாக, கும்பகோணத்துப் பையன் தனியே ஒரு சீட்டில் கேட்டிருக்கும் கேள்வி: பெரியப்பா மகன் படித்த பழைய புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன, அவற்றையே வைத்துப் படிக்கலாமா? தம்பி, வரிப் புத்தகங்களைத் தொடாதே. சரக்கு சேவை வரி 2017-ல் வந்தது முதல் வருஷந்தோறும் மாறிக்கொண்டிருக்கிறது. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் போய், 2025-ல் இயற்றிய புதுச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்துவிட்டது. எந்தப் பரீட்சைக்கு எந்தச் சட்டம், எந்தத் திருத்தம் வரை என்பதைக் கழகத்தார் அறிவிக்கிறார்கள். அதைப் பார்க்காமல் ஒரு புத்தகமும் வாங்காதே. நிதி நிர்வாகத்தில் பழைய கணக்குகள் கைப்பழக்கத்துக்கு உதவும். தணிக்கையில் தலைப்புகளைப் புதிய பாடத்தோடு ஒத்துப்பார்த்து, மாறாதவற்றை மட்டும் வைத்துக்கொள். மற்றவற்றைப் பழைய காகிதக்காரரிடம் போட்டால், மாதிரிப் பரீட்சை எழுதுவதற்கு வேண்டிய வெள்ளைக் காகிதம் வாங்கக் காசு வரும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் சுமார் 20 தாள் செலவாகும் என்று வைத்துக்கொண்டு வாங்கு.